சுட்டியுடன் நேரில் வரவும்

செக்கர் அத்தை பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுத்தவர்களுக்கும் பயம் பிடித்துக்கொள்ளும். எடுக்காதவன் பயப்படுவதில் என்ன அதிசயம்? எடுத்தவனே சட்டைப்பை, கால்சட்டைப்பை, பர்ஸ், கடைசியில் தன் வாய் என்று ஒவ்வோர் இடமாகத் தேடி, அகப்பட்டதை நீட்ட வேண்டும். அவள் அதை வாங்கி முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தைக் கிழித்துத் திருப்பிக் கொடுப்பாள். டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கும் நிபந்தனைகளை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். அச்சடித்தவன்கூடப் படித்திருக்க மாட்டான்.

நல்லவள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஆனால் விதி என்று வந்துவிட்டால் அவளுக்கு உற்றார் உறவினர் கிடையாது. சொந்தத் தம்பி பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவசரத்தில் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு பஸ்ஸில் நின்றிருந்தான். அக்கா ஏறினாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அக்கா, நான்தான்!"

"தெரியுது. டிக்கெட் எங்க?"

"அக்கா..."

"பஸ்ல அக்காவும் கிடையாது, தம்பியும் கிடையாது. செக்கரும் பயணியும்தான்."

அபராதம் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போனாள். அன்று மாலை வீட்டில் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "ஏன்டா, முகமெல்லாம் வாடிக் கிடக்கு? யார் என்ன சொன்னாங்க?" என்று உருகி உருகிக் கேட்டவளும் அவளேதான். தம்பி அந்தக் கதையை இன்றைக்கும் வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்கிறார். அத்தைக்கு அதில் வருத்தம் கிடையாது. தன்னைப் புகழ்கிறான் என்றுதான் நினைத்துக்கொள்வாள்.

அத்தைக்கு ஒருமுறை கல்யாணப் பேச்சு வந்தது. வந்த மனிதர் சிரிக்கவைப்பதாக எண்ணிக்கொண்டு, படிக்கிற காலத்தில் டிக்கெட் எடுக்காமலே ஊரைச் சுற்றிய கதையை எடுத்துவிட்டார். எந்த ரூட், எத்தனை மணி பஸ், எந்தப் படியில் நின்றீர்கள் என்று அத்தை ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெண் ஆர்வமாகக் கேட்கிறாளே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில், "இதுக்கெல்லாம் அப்புறமாவது அபராதம் கட்டிட்டீங்களா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தப்பித்தேன் என்று அத்தை சொன்னாள். அந்த மனிதரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இப்போது அவள் தம்பி வீட்டு மாடியறையில் இருக்கிறாள். தம்பி இன்னும் அதே பேக்கரிதான். விடிவதற்கு முன்பே போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குவார். தம்பி மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளை வீட்டில் எல்லாரும் பெரியவள் என்பார்கள். நெடுநாள் கழித்துப் பிறந்த மூன்று வயதுப் பையனுக்கு நல்ல பெயர் ஒன்று வைத்தார்கள், கூப்பிடத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. அவன் செய்கிற வேலைகளுக்குச் சுட்டி என்ற பெயர் தானாகவே ஒட்டிக்கொண்டது.

வருட ஆரம்பத்தில் பெரியவளின் பள்ளியில் பிள்ளைகளுக்கெல்லாம் மடிக்கணினி கொடுத்தார்கள். பொறுப்பாளர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்பா தூக்கம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, அத்தை போனாள். மற்ற பெற்றோர்கள் எல்லாம் விதிமுறைத் தாளை வாங்கினார்கள், எங்கே கையெழுத்து என்று கேட்டார்கள், போட்டார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நீண்டது.

"கணினி அருகில் உணவு கூடாதுன்னு போட்டிருக்கு. அருகில்னா எவ்வளவு தூரம்?"

மேசைக்குப் பின்னால் இருந்த கணினி டீச்சர் சின்னப் பெண். அவளுக்கு அது தெரியவில்லை. "ஒரு... ஒரு கை தூரம்?" என்றாள்.

"யார் கை? என் கையா, பிள்ளை கையா?"

பின்னால் நின்ற ஒருவர் பொறுமை இழந்து, "எல்லாம் நம்ம விதி!" என்று பெருமூச்சு விட்டார். அத்தை தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி, "அது எத்தனாவது விதி?" என்றாள்.

ஒரு விதியை மட்டும் அவள் இரண்டு முறை படித்துத் தலையாட்டினாள். கணினியில் பழுது ஏற்பட்டால் ஒரு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கணினி திரும்பப் பெறப்படும், அதில் உள்ளவை அனைத்தும் அழிக்கப்படும். "நல்ல விதி. தப்பு செய்யறது மனுஷ சுபாவம், மறைக்கிறதுதான் குத்தம்," என்று டீச்சருக்கே விளக்கம் சொன்னாள். வீட்டில் சிறு குழந்தைகள் உண்டா என்று கேட்டிருந்த இடத்தில், 'சுட்டி ஒருவன் இருக்கிறான்' என்று முத்துமுத்தாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

அன்றிலிருந்து வீடு பஸ் மாதிரி ஆகிவிட்டது. கணினி இருக்கும் அறைக்குள் யாராவது தட்டோடு நுழைந்தால், அத்தை கையை நீட்டித் தடுத்து அளந்து பார்ப்பாள். கணினியை மடியில் வைக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது, சூடாகுமாம்.

"அப்ப எதுக்கு அதுக்கு மடிக்கணினின்னு பேரு வெச்சாங்க?" என்றார் தம்பி.

"அம்மா உன்னை ராஜா ராஜான்னுதான் கூப்பிட்டாங்க. நீ என்ன நாட்டையா ஆளுற? பேரு வேற, நடப்பு வேற."

தம்பி போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

இப்படிப்பட்ட வீட்டில் அத்தைக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடந்துவிட்டது. அத்தை வேலைக்குப் போயிருந்த ஒரு விடுமுறை நாள் மத்தியானத்தில், பெரியவளின் அம்மா துணி மடித்துக்கொண்டிருக்க, பெரியவள் தண்ணீர் குடிக்க எழுந்து போக, சுட்டி கணினியிலிருந்து ஓர் எழுத்துப் பட்டனைப் பிய்த்து எடுத்துவிட்டான். எடுத்தது எந்த எழுத்து? ழ. அதை வாயில் போட்டானா, ஜன்னல் வழியாக வீசினானா என்பது யாருக்கும் தெரியாது. சில நாட்கள் அம்மா வேறோர் இடத்திலும் கவனமாகத் தேடிப் பார்த்தாள், அங்கேயும் வரவில்லை. மழையை 'மயை' என்றுதான் அவன் இன்றைக்கும் சொல்கிறான். வாய்க்குள் போயிருந்தால் அந்த எழுத்து நாக்கிலாவது கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டாமா?

அத்தையிடம் சொல்லலாமா என்ற பேச்சு வந்தது. "சொன்னா அண்ணியே நேரா போய் ஸ்கூல்ல ஒப்பிச்சுட்டு வந்துடுவாங்க," என்றாள் அம்மா. "எனக்கே அபராதம் போட்டவ," என்றார் அப்பா. இவர்கள் பேசி முடிப்பதற்குள் அந்த ஒரு நாள் கெடுவும் தாண்டிவிட்டது. பெரியவள் ஒரு பழைய சட்டைப் பட்டனில் பேனாவால் ழ என்று எழுதி, பசை போட்டு அந்த இடத்தில் ஒட்டிவைத்தாள். பார்வைக்கு எழுத்து வந்துவிட்டது. அழுத்தினால்தான் வரவில்லை.

அதற்குப் பிறகு பெரியவள் ழ இல்லாமல் வாழப் பழகினாள். எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டலாம்தான். ஆனால் நகலெடுத்து ஒட்டினால் கணினியே டீச்சரிடம் போட்டுக்கொடுத்துவிடும், அதற்கும் ஒரு விதி இருந்தது. எனவே மழைக்காலம் பற்றிக் கட்டுரை கேட்டால் 'கார்காலம்' என்று எழுதினாள். பழம் கனி ஆயிற்று. வாழைப்பழம் 'மஞ்சள் தோல் போர்த்திய நீண்ட கனி' ஆயிற்று. ஏழு என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஆறுடன் ஒன்று' என்று எழுதினாள். இந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு சொல்வளம் என்று மொழி ஆசிரியர் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார். பாராட்டு வந்தபின் சும்மா இருக்க முடியுமா? ஓர் எழுத்து காணாமல் போன ஊரைப் பற்றி, அந்த எழுத்தே இல்லாமல், ஒரு நீண்ட கதை எழுத ஆரம்பித்தாள். பள்ளி ஆண்டு மலருக்கு அதைக் கொடுப்பதாகவும் சொல்லிவிட்டாள். இன்னும் ஓர் அத்தியாயம்தான் பாக்கி. அந்தக் கதை முழுக்க அந்தக் கணினிக்குள்ளேதான் இருந்தது.

இந்தச் சமயத்தில் பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்தார். அறிவிப்புகள் எல்லாம் இனி நல்ல தமிழில்தான் வர வேண்டும் என்பது அவருடைய முதல் உத்தரவு. அத்தைக்கு வார விடுமுறையாக இருந்த ஒரு நாள் காலையில் அவள் போனுக்குச் செய்தி வந்தது: 'இன்று மடிக்கணினி ஆய்வு. பொறுப்பாளர்கள் மடிக்கணினி, மின்னேற்றி, சுட்டி ஆகியவற்றுடன் நேரில் வரவும். சுட்டி இல்லாமல் வருவோர் திருப்பி அனுப்பப்படுவர்.' அதற்குக் கீழே இன்னும் நிறைய வரிகள் இருந்தன. அத்தை எல்லாவற்றையும் படித்தாள்.

ஆய்வு என்ற பேச்சு பள்ளியில் முதல் நாளே கசிந்திருந்தது. பெரியவள் கணினியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு, மறந்துபோன முகத்தோடு பள்ளிக்குப் போயிருந்தாள். அப்பா குறட்டை. அம்மா ஆஸ்பத்திரியில். மின்னேற்றி என்ற சொல்லின் முன் அத்தை சிறிது நேரம் நின்றாள். மின்னை ஏற்றுவது, அப்படியானால் சார்ஜர். கண்டுபிடித்துவிட்ட பெருமையில் அடுத்த சொல்லுக்குப் போனாள். அதைக் கண்டுபிடிக்கத் தேவையே இருக்கவில்லை, அது கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் எதற்காகச் சின்னப் பிள்ளையைக் கூப்பிடுகிறது என்ற சந்தேகம் வேறு யாருக்காவது வந்திருக்கும். அத்தைக்கு வரவில்லை. பஸ் கதவோரம் ஒரு கோடு போட்டிருக்கும், பிள்ளையைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று தெரியும். வாய்ச்சொல்லை நம்பி யாராவது சோதனை போடுவார்களா? சிறு குழந்தை உண்டா என்று அன்றைக்குக் கேட்டார்கள், உண்டு என்று இவள் எழுதிக் கொடுத்தாள், இப்போது ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். சரியான நிர்வாகம் என்று மனதுக்குள் பாராட்டினாள். 'ஆகியவற்றுடன்' என்று பிள்ளையை அஃறிணையில் சேர்த்திருந்ததுதான் கொஞ்சம் உறுத்தியது. போகட்டும், குழந்தையை நாமும் அது இது என்றுதானே சொல்கிறோம். இருந்தாலும் உறுதி செய்துகொள்வது நல்லது என்று பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"சார், சுட்டி கட்டாயம் வரணுமா?"

"கட்டாயம்மா. அது இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுவோம்," என்றது ஒரு களைத்த குரல். காலையிலிருந்து அவருக்கு இதே வேலை.

"இப்ப தூங்கிட்டிருக்கே."

"பரவாயில்ல, கொண்டு வாங்க. ரெண்டு தட்டு தட்டினா முழிச்சுக்கும்."

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "தட்டுறதெல்லாம் எங்க வீட்ல பழக்கம் கிடையாது சார்."

"ரொம்ப நல்லதும்மா. நிறைய பேர் போட்டு அடிக்கிறாங்க, அதனாலதான் சீக்கிரம் கெட்டுப்போகுது."

அது வாஸ்தவம்தான் என்று அவளுக்குப் பட்டது. படித்த மனிதர், சரியாகத்தான் சொல்கிறார். "மேல கொஞ்சம் பால் கொட்டியிருக்கு. தண்ணி ஊத்திக் கழுவிடவா?"

"ஐயையோ, தண்ணியே படக் கூடாது! துணியால லேசா துடைங்க, போதும்."

சுட்டிக்கு இரண்டு நாளாகச் சளி. அது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அத்தை அசந்துபோனாள். "சரிங்க சார். மூணு வயசுதான் ஆகுது, அங்க வந்து ஏதாவது ரகளை பண்ணினா..."

"மூணு வருஷம் ஆச்சா? அப்ப பழசும்மா. பரவாயில்ல, கொண்டு வாங்க, வேற மாத்திக் கொடுத்துடுவாங்க."

"எங்களுக்கு இதுவே போதும் சார்," என்று சொல்லிவிட்டு அத்தை போனை வைத்தாள். ஆபீஸ் ஆட்களுக்கு இந்தக் காலத்தில் கிண்டல் அதிகமாகிவிட்டது.

சுட்டியைத் துணியால் துடைத்து, நல்ல சட்டை போட்டு, ஒரு தோளில் பையும் ஒரு தோளில் அவனுமாக பஸ் ஏறிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள். கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். பெற்றோர்கள் வரிசையில் நிற்க, பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைத்து வந்து பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஒருவர்கூடச் சிறு குழந்தையோடு வந்திருக்கவில்லை. மற்ற வீடுகளில் சின்னப் பிள்ளைகளே இல்லை போலிருக்கிறது, அல்லது இருந்தும் கொண்டுவராத ஆட்கள். யார் யாரைத் திருப்பி அனுப்பப் போகிறார்களோ என்று அவர்களுக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டாள்.

தன் பேர் கூப்பிட்டதும் வந்து நின்ற பெரியவளுக்கு, மேசையில் கணினிப் பையைப் பார்த்ததும் பேயறைந்தது போல ஆகிவிட்டது. அத்தையின் இடுப்பில் சுட்டியைப் பார்த்ததும் அது இரண்டு மடங்காயிற்று.

கணினி டீச்சர் தலைநிமிராமல் கேட்டாள். "மடிக்கணினி?"

"இருக்கு."

"மின்னேற்றி?"

"இருக்கு."

"சுட்டி?"

அத்தை அவனைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்தாள். "இருக்கான்."

டீச்சர் நிமிர்ந்தாள். ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு வரிசையில் முதலில் நின்ற ஆள் சிரித்தார், அவருக்குப் பின்னால் நின்றவர் சிரித்தார், அது அப்படியே வாசல் வரைக்கும் போய், என்ன விஷயம் என்று விசாரித்துக்கொண்டு, இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. டீச்சர் எவ்வளவோ முயன்றாள். "அம்மா... சுட்டின்னா... மவுஸ்மா... மவுஸ்," என்று சொல்வதற்குள் அவளும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அத்தை சுற்றிலும் பார்த்தாள். எல்லார் கையிலும் ஒரு மவுஸ், வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தது. எத்தனை வருடங்களாக எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள்! பஸ் முழுக்க வேடிக்கை பார்க்க, பயணி ஒருவன் முகம் சிவந்து நிற்பதை எதிரிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். டிக்கெட் இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நன்றாகவே இல்லை.

"விடுங்கம்மா," என்றாள் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவ்வளவு அழகான சுட்டியை இன்னிக்கு யாருமே கொண்டு வரல." சொல்லிக்கொண்டே தாளில் 'சுட்டி: உள்ளது' என்ற இடத்தில் ஒரு டிக் போட்டுவிட்டுக் கணினியைத் திறந்தாள்.

சபையில் தனக்குக் கிடைத்த வரவேற்பில் சுட்டிக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. தனக்குத் தெரிந்த பொருள் ஒன்று எதிரே திறந்ததும், அதில் ஒட்டியிருந்த சட்டைப் பட்டனை விரலால் தொட்டுக் காட்டி, "நான்தான் பிச்சேன்!" என்று கூடத்துக்கே அறிவித்தான். பட்டன் அவன் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கிவிட்டது. டீச்சர் பள்ளமாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள்.

"எப்போ ஆச்சு?"

"போன மாசம், மிஸ்."

"ஒரு நாளுக்குள்ள சொல்லணும்னு தெரியுமில்ல? மறைச்சா திரும்ப வாங்கி எல்லாத்தையும் அழிச்சுடுவாங்கன்னு தெரியுமில்ல?"

"மிஸ், என் கதை... ஒரு அத்தியாயம்தான் பாக்கி..." என்றாள் பெரியவள்.

"வீட்ல யாருக்கும் தெரியாதா?"

"அம்மா அப்பாவுக்குத் தெரியும்."

"அத்தைக்கு?"

பெரியவள் தரையைப் பார்த்தாள்.

ஊர் சிரித்ததுகூட அத்தைக்கு இப்படி வலிக்கவில்லை. ஒரு மாதமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, மூன்று பேர் கண்ணால் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். செக்கர் குரல் வரவில்லை, வேறு ஏதோ குரல் வந்தது.

"சொன்னா நீங்களே ஸ்கூலுக்கு வந்து சொல்லிடுவீங்க, அத்தை."

பொய் என்று சொல்ல முடியுமா? சொல்லியிருப்பாள். அதே பஸ்ஸில், அதே நாளில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து சொல்லியிருப்பாள். அந்த நல்ல விதிக்குத் தலையாட்டியவள் அவள்தானே. இப்போது அந்த விதி பிள்ளையின் கதையை அழிப்பதற்காக எதிரே வந்து நிற்கிறது. பயணி ஒருவன் பரிதாபமாகப் பார்க்கிற போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது அத்தையின் வழக்கம். இங்கே அந்தப் பக்கம் ஜன்னலே இல்லை, பெரியவளின் முகம்தான் இருந்தது.

டீச்சர் சோகமாகக் கணினியை மூடப் போனாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் அத்தை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, காலையில் வந்த அறிவிப்பின் அடிப்பகுதிக்குப் போனாள். "இதைக் கொஞ்சம் கேளுங்க. 'சுட்டியால் ஏற்படும் பழுதுகளுக்கு மாணவரோ பொறுப்பாளரோ பொறுப்பல்ல. அவை எப்போது தெரியவந்தாலும் பள்ளியே சரிசெய்து தரும்.' நீங்க அனுப்பினதுதானே?"

"ஆமாம்மா, ஆனா அது... ஸ்கூல்ல கொடுத்த மவுஸ் நிறைய சரியில்லாம போச்சு. அதுக்காகப் போட்டது."

"மவுஸ்னு போடலையே. சுட்டின்னுதானே போட்டிருக்கு. இந்தப் பழுது யாரால ஏற்பட்டுச்சு?" அத்தை மேசைமேல் இருந்தவனைக் காட்டினாள். "அவனே ஒத்துக்கிட்டான்."

வரிசை மறுபடி சிரிக்க ஆரம்பித்தது. இந்த முறை அந்தச் சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"அம்மா, இது அந்தச் சுட்டி இல்லம்மா!"

"அப்படியா? அப்ப நீங்க எதுக்கு 'சுட்டி: உள்ளது'ன்னு டிக் போட்டீங்க? நாங்க டிக்கெட்டைப் பார்த்து ஓரத்தைக் கிழிச்சுட்டா, அப்புறம் அது செல்லாதுன்னு சொல்ல மாட்டோம். ஒரே சொல் மேல் வரியில செல்லும், கீழ் வரியில செல்லாதா?"

இது விதண்டாவாதம் என்பது அத்தைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பஸ்ஸில் ஒரு பயணி இப்படிப் பேசியிருந்தால் இரண்டு மடங்கு அபராதம் எழுதியிருப்பாள். ஆனாலும் போனை நீட்டிய கையை இறக்கவில்லை. டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள், அந்தப் பட்டனை மறுபடி ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்த சுட்டியைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, 'சுட்டியால் பழுது. பள்ளி சரிசெய்யும்' என்று எழுதினாள். "தலைமையாசிரியர் கேட்டா நல்ல தமிழ்லதான் எழுதியிருக்கேன்னு சொல்லிக்கறேன்," என்று கணினியைப் பெரியவளின் கையில் கொடுத்தாள்.

பள்ளி விட்டதும் மூவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். சுட்டி அத்தையின் மடியில் தூங்கிப்போனான். பெரியவள் பக்கத்தில், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு ஸ்டாப் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"கோவமா, அத்தை?"

"உன்மேல இல்ல." பிறகு அத்தை கேட்டாள். "நான் வீட்லயும் செக்கராத்தான் இருக்கேனா?"

பெரியவள் யோசித்தாள். "பஸ்ல அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவீங்க. வீட்ல இறங்க மாட்டீங்க."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. எது முதலில் வந்தது என்று சொல்வதற்கில்லை. சுட்டியின் மூக்கைத் துடைக்கிற சாக்கில் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"அத்தை, இன்னொண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"மவுஸ்... நிஜ மவுஸ்... அது தொலைஞ்சு ரொம்ப நாளாச்சு. நீங்க இவனைக் கொண்டு வந்ததால அதை யாருமே கேட்கல."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். தான் வெட்கப்பட்டு நின்றது, டீச்சர் சிரித்துக்கொண்டே டிக் போட்டது, அந்த டிக்கைக் காட்டித் தானே வாதாடியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. விதிப்படி இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பாவுக்கு?"

"யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

திறந்த வாயை அத்தை மூடிக்கொண்டாள். பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்து நிமிர்ந்தது.

"வீட்டுக்குப் போனதும் நாம ரெண்டு பேரும் தேடுவோம்," என்றாள். "கிடைக்கலன்னா நாளைக்கு நானும் உன்கூட வந்து சொல்றேன்." பிறகு பெரியவளின் காதருகே குனிந்து, "அதுவரைக்கும் உங்க அம்மாகிட்ட மூச்சு விடாதே," என்றாள். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று பஸ் முழுவதையும் ஒரு சுற்று திருட்டுத்தனமாகப் பார்த்தாள்.